கயோஸ் அறைக்குள் இலத்திரன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படித்தவர்களுக்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் எழுதிய பக்கம் இது. சொற்கள் எல்லாம் நமது பாடநூல் சொற்களே. தமிழ்நாட்டு வாசகர்கள் தாயம் வரும் இடத்தில் அணி என்றும், அவத்தை வரும் இடத்தில் கட்டம் என்றும் மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

எதைப் பற்றிய பேச்சு இது?

ஒரு மைக்ரோமீற்றர் அளவில் ஓர் அறை, அதற்கு இரண்டு வாசல்கள். ஒரு வாசலால் உள்ளே போகும் இலத்திரன் சுவர்களில் பலமுறை மோதித் தெறித்து, ஒன்றில் மற்ற வாசலால் வெளியேறும், அல்லது வந்த வாசலாலேயே திரும்பிவிடும். வாசல்களுக்கு இடையே சிறிய அழுத்த வித்தியாசம் கொடுத்தால் எவ்வளவு மின்னோட்டம் பாயும்? இதுதான் கேள்வி. அறையின் வடிவம் துளி மாறினாலும் விடை மாறிவிடும். ஆகவே குறிப்பிட்ட ஓர் அறையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, இப்படிப்பட்ட அறைகள் ஏராளம் இருந்தால் சராசரி என்ன, பரம்பல் என்ன என்று கேட்கிறோம்.

இப்படி ஓர் அறையை எதால் செய்கிறார்கள்?

காலியம் ஆர்சனைட்டையும், அதனோடு அலுமினியம் கலந்த அதன் உறவுக் குறைகடத்தியையும் படை படையாக வளர்த்தால், இரண்டும் சந்திக்கும் தளத்தில் இலத்திரன்கள் மெல்லிய விரிப்பாகத் தங்கும். அவை பக்கவாட்டில் ஓடலாம், மேலே கீழே போக முடியாது. மேற்பரப்பில் உலோகக் கோடுகளை வரைந்து மறை அழுத்தம் கொடுத்தால், கோடுகளுக்குக் கீழே இருந்த இலத்திரன்கள் விலகிவிடும். விலகாமல் மிஞ்சிய இடமே அறை.

சதுர மீற்றருக்கு 3 × 10¹⁵ இலத்திரன்கள் என்று எடுத்தால், மின்னோட்டத்தில் பங்குபற்றும் இலத்திரனின் அலைநீளம் ஏறக்குறைய 46 நானோமீற்றர். அதாவது அறைக்குள் குறுக்கே 20 அலைநீளம் அளவு அடங்கும். வாசலோ ஓரிரு அரை அலைநீளம் அகலம். வாசலின் அகலத்தில் எத்தனை அரை அலைநீளம் அடங்குமோ அத்தனை தடங்கள், அதாவது அலை கடந்துபோகக்கூடிய தனித்தனி வழிகள், என்று கொள்ளலாம். கோடுகளின் அழுத்தத்தை மெல்ல மாற்றினால் தடங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும், கடத்துதிறன் படிப்படியாக ஏறும். 1988இல் நெதர்லாந்துக் குழு ஒன்றும் கேம்பிரிட்ஜ் குழு ஒன்றும் தனித்தனியே இந்தப் படிகளை அளந்து காட்டின.

கயோஸ் எங்கே வருகிறது?

கரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நீள்சதுரச் சட்டத்துக்குள் காய் எப்படித் தெறிக்கும் என்பதை ஊகிக்கலாம். கோணத்தில் சிறு பிழை விட்டால், பத்துத் தெறிப்புக்குப் பின்னும் பிழை சிறிதாகவே இருக்கும். அதே பலகையின் இரண்டு முனைகளையும் அரைவட்டமாக வளைத்துவிட்டால் கதை வேறு. ஒவ்வொரு தெறிப்பிலும் பிழை பெருகும். ஏழெட்டுத் தெறிப்புக்குப் பின் காய் எங்கே என்று சொல்ல எவராலும் முடியாது. இப்படிச் சிறு பிழை பெருகிப்போவதைத்தான் கயோஸ் என்கிறோம். இந்த மைதான வடிவம் கயோஸ் என்பதை 1970களில் புனிமோவிச் நிறுவினார். முழு வட்டம் கயோஸ் இல்லை. அங்கே கோண உந்தம் மாறாமல் நிற்பதால் பாதை ஒழுங்காகவே சுற்றிவரும்.

ஆனால் இலத்திரன் அலை ஆயிற்றே. அலைக்குப் பாதை ஏது, கயோஸ் ஏது?

சரியான கேள்வி. சுரோடிங்கர் சமன்பாடு நேர்கோட்டுச் சமன்பாடு. அதில் சிறு பிழை சிறு பிழையாகவே இருக்கும். ஆகவே குவாண்டம் அறைக்குள் அந்தப் பொருளில் கயோஸ் கிடையாது. பழைய பௌதிகவியலில் கயோஸாக நடக்கும் அறையின் குவாண்டம் வடிவம் என்ன தடயத்தைக் காட்டும் என்பதே இங்கு விசாரணை. 1984இல் பொகிகாஸ், ஜியானோனி, ஷ்மிட் மூவரும் முன்வைத்த ஊகம் இது: அத்தகைய அறையின் சக்தி மட்டங்கள், எழுமாறாக எடுத்த ஒரு பெரிய தாயத்தின் ஐகன் பெறுமானங்கள் (தாயத்துக்கே உரிய சிறப்பு எண்கள்) போலவே ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும். எழுமாற்றுத் தாயங்களைப் பௌதிகவியலுக்குக் கொண்டுவந்தவர் விக்னர். 1950களில் பாரமான அணுக்கருக்களின் சக்தி மட்டங்களுக்காக அவர் எடுத்த கருவி, பிறகு இந்தக் குட்டி அறைகளுக்கும் பொருந்தியது.

கடத்துதிறன் எப்படி நிகழ்தகவாக மாறுகிறது?

லாண்டவர் 1957இல் தொடக்கிவைத்த பார்வை இது. பியூட்டிக்கர் 1980களில் அதைப் பல வாசல்களுக்கு விரித்தார். வாசலில் உள்ள தடங்களை ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு சேர்க்கைக்கும் மறுபக்கம் போய்ச் சேரும் நிகழ்தகவு ஒன்று இருக்கும். அது 0க்கும் 1க்கும் இடையில். இவற்றைக் கூட்டி ஒரு மாறிலியால் பெருக்கினால் கடத்துதிறன் வந்துவிடும். இலத்திரன் ஏற்றத்தின் வர்க்கத்தின் இருமடங்கைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் கிடைப்பதே அந்த மாறிலி: 77.5 மைக்ரோசீமன்ஸ். தலைகீழாக்கினால் 12.9 கிலோஓம். இனிமேல் கடத்துதிறனை இந்த அலகிலேயே சொல்கிறேன்.

உயர்தரத்தில் தடை என்றவுடன் நீளம், குறுக்குவெட்டுப் பரப்பு, தடைத்திறன் என்று சூத்திரம் எழுதுவோமே, அதை இங்கே மறந்துவிடவும். இந்த அறையில் இலத்திரன் மாசுகளில் மோதுவதில்லை, சுவரில் மட்டுமே மோதுகிறது.

எதை எழுமாறாக எடுக்கிறோம்?

சிதறல் தாயத்தை. இரண்டு வாசல்களாலும் உள்ளே வரும் அலைகளின் வீச்சங்களை ஒரு நிரலாக எழுதினால், இந்தத் தாயம் அதைப் பெருக்கி, வெளியே போகும் அலைகளின் வீச்சங்களைத் தரும். உள்ளே போன இலத்திரன் எங்காவது வெளியே வந்தாக வேண்டும். அதனால் தாயம் யூனிட்டரியாக, அதாவது மொத்த நிகழ்தகவைக் கூட்டாமல் குறைக்காமல் காப்பதாக, இருக்க வேண்டும். அதற்கு மேல் அறையைப் பற்றி எதுவும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, யூனிட்டரித் தாயங்கள் அனைத்துக்கும் சமவாய்ப்புக் கொடுக்கிறோம். டைசன் 1962இல் வகுத்த வட்டக் குழுமங்கள் என்பது இதுதான். இதை இரண்டு வாசல் அறைக்குப் பொருத்தி 1994இல் இரண்டு குழுக்கள் விடை கண்டன: பாரங்கரும் மெல்லோவும் ஒரு பக்கம், ஜலபெர், பிஷார், பீனக்கர் மூவரும் மறுபக்கம்.

“அண்ணை, விடை தெரியேல்லை எண்டதுக்காக எழுமாறு எண்டு சொல்லித் தப்புறீங்களோ?”

ஒரு தம்பி கேட்டது. தப்புவதாக இருந்தால் எந்த விடை வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இங்கே அப்படி இல்லை. சமவாய்ப்பு என்று சொன்ன உடனேயே சராசரி, மாறற்றிறன், முழுப் பரம்பல் எல்லாம் இலக்கத்தோடு வந்து நிற்கும். பரிசோதனை அவற்றைப் பொய்யாக்கலாம். வட்ட அறையில் அது நடக்கவும் செய்கிறது. இந்த மாதிரியில் நமக்குப் பிடித்தபடி திருகக்கூடிய குமிழ் ஒன்றுகூட இல்லை. உள்ளே போடுவது தடங்களின் எண்ணிக்கையும் சமச்சீர் வகையும் மட்டும். எனக்கு இந்தத் துறை பிடித்ததற்குக் காரணமே அதுதான்.

சமச்சீர் வகை என்றால்? எல்லாரும் பீட்டா, பீட்டா என்கிறார்களே.

காந்தப்புலம் இல்லாவிட்டால், எந்தப் பாதையையும் பின்னோக்கி ஓட்டினால் அதுவும் நடக்கக்கூடிய பாதையே. அப்போது சிதறல் தாயம் சமச்சீரானது, அதன் நிலைமாற்றும் அதுவே. இதற்குப் பீட்டா 1. போதிய காந்தப்புலத்தைத் தளத்துக்குச் செங்குத்தாகக் கொடுத்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். அது பீட்டா 2. இலத்திரனின் சுழற்சி அதன் ஓட்டத்தோடு வலுவாகப் பிணைந்த பொருள்களில், புலம் இல்லாதபோது, பீட்டா 4.

எவ்வளவு புலம் போதும்? 1 சதுர மைக்ரோமீற்றர் பரப்பினூடாக ஒரு குவாண்டம் காந்தப் பாயம் செல்ல 4.1 மில்லிதெஸ்லா வேண்டும். பாதை பலமுறை சுற்றிவருவதால் அதைவிடக் குறைவாகவே போதும். யாழ்ப்பாணத்தில் புவியின் காந்தப்புலம் 0.04 மில்லிதெஸ்லா அளவு. நாம் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அது ஏறக்குறையக் கிடையாகவே கிடக்கிறது. மேசையில் தட்டையாக வைத்த அறைக்குச் செங்குத்தாக விழும் பகுதி இன்னும் சொற்பம். நம்மூரில் இந்தப் பரிசோதனையைச் செய்பவர் புவிப்புலத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

புலம் இல்லாதபோது சராசரிக் கடத்துதிறன் 1/3 என்கிறார்கள். பாதிதானே வர வேண்டும்?

இந்த ஒரு கேள்வியை ஆறுதலாகப் பார்ப்போம். இதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒவ்வொரு வாசலிலும் ஒரு தடம் மட்டும். உள்ளே போன இலத்திரன் நெடுநேரம் சுற்றி எங்கே போனோம் என்பதையே மறந்துவிட்டால், இரண்டு வாசலும் அதற்கு ஒன்றுதான். பாதி என்று பொதுப்புத்தி சொல்கிறது. காந்தப்புலம் இருக்கும்போது விடை அதுவேதான்.

புலம் இல்லாதபோது வந்த தடத்திலேயே திரும்பும் பாதைகளைப் பாருங்கள். அறையை வலமாகச் சுற்றிவந்து திரும்பும் பாதை ஒன்று இருந்தால், அதையே இடமாகச் சுற்றும் பாதையும் உண்டு. இரண்டின் நீளமும் ஒன்று, அவத்தையும் ஒன்று. இரண்டு அலைகளும் எப்போதும் ஆக்கத் தலையீடு செய்யும். வீச்சம் இரண்டு மடங்கானால் செறிவு நான்கு மடங்கு. தலையீடு இல்லாமல் தனித்தனியே கூட்டியிருந்தால் இரண்டு மடங்கு. ஆக, வந்த தடத்துக்கே திரும்பும் நிகழ்தகவு மற்ற எந்தத் தடத்துக்கும் போவதைப்போல் இருமடங்கு. மற்ற வாசலுக்குப் போகும் பாதைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே பின்னோக்கி ஓட்டினால் தொடக்கமும் முடிவும் மாறிவிடும், அது வேறொரு நிகழ்வு.

இனிக் கணக்கு. திரும்புவதற்கு 2 பங்கு, அப்பால் போவதற்கு 1 பங்கு, மொத்தம் 3. அப்பால் போவது 1/3.

பல தடங்களுக்கும் இதே கணக்குத்தான். வாசலுக்கு 10 தடம் என்றால் வெளியே போக 20 தடங்கள். அவற்றில் ஒன்றுக்கு 2 பங்கு, மிச்சம் 19க்கும் ஒவ்வொரு பங்கு, மொத்தம் 21. மறுவாசலின் 10 தடங்களுக்கும் சேர்த்து 10/21. உள்ளே வரும் தடங்கள் 10 ஆகையால் சராசரிக் கடத்துதிறன் 100/21, அதாவது 4.76. புலம் கொடுத்தால் 5. வித்தியாசம் 0.24. தடங்கள் கூடக் கூட இந்த வித்தியாசம் 1/4இல் போய் நிற்கும். வாசல் எவ்வளவு அகலமானாலும் அந்தக் கால் அலகு மறையாது. மென் இடப்பாடு என்று இதற்குப் பெயர். சுழற்சிப் பிணைப்பு வலுவாக உள்ள பீட்டா 4இல் குறி மாறும்: தடங்களின் எண்ணிக்கையில் பாதிக்கு மேலே 1/8 கூடும்.

சராசரி சரி. ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் எவ்வளவு வேறுபடும்?

தடங்கள் நிறைய இருந்தால், புலம் இல்லாதபோது மாறற்றிறன் 1/8, புலம் இருந்தால் 1/16. தடங்களின் எண்ணிக்கை இந்த விடையில் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 10 தடம் உள்ள அறையில் சராசரி 369 மைக்ரோசீமன்ஸ், நியம விலகல் ஏறக்குறைய 27. வாசலை இன்னும் அகலமாக்கினால் சராசரி ஏறிக்கொண்டே போகும், நியம விலகல் அதே 27இல்தான் நிற்கும். சாதாரணப் புள்ளிவிவரம் படித்தவருக்கு இது உறுத்த வேண்டும். தடங்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால் மாறற்றிறனும் கூடவே வளர்ந்திருக்கும். இங்கே ஊடுசெல்லும் நிகழ்தகவுகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. ஒன்று நகர்ந்தால் மற்றவை இடம்விடுகின்றன, கூட்டுத்தொகை அசைவது குறைகிறது.

ஒரே தடத்தில் பரம்பலின் உருவமே வினோதம். புலம் இருந்தால் 0 முதல் 1 வரை எல்லாப் பெறுமானத்துக்கும் சம வாய்ப்பு. புலம் இல்லையென்றால் பரம்பல் வர்க்கமூலத்தின் தலைகீழாகப் போகும், 0 அருகே குவிந்து கிடக்கும். சராசரி 1/3 என்று சொல்வதால் 1/3ஐச் சுற்றி மேடு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பரிசோதனைக்கு ஆயிரம் அறைகள் செய்கிறார்களா?

தேவையில்லை. ஒரே அறையின் ஓரத்தில் உள்ள கோடொன்றின் அழுத்தத்தைச் சற்று மாற்றினால் சுவர் நகரும், அலைக்கு அது புது அறை. காந்தப்புலத்தை மாற்றினாலும் அப்படியே. 1992இல் மார்க்கஸும் கூட்டாளிகளும் மைதான வடிவ அறையையும் வட்ட அறையையும் எடுத்து, புலத்தை மாற்றிக்கொண்டே கடத்துதிறனை அளந்தார்கள். வரைபு மேலும் கீழும் துள்ளியது. பார்த்தால் இரைச்சல் போல இருக்கும். மறுபடி அளந்தால் அதே துள்ளல் அதே இடத்தில் வரும், ஆகவே இரைச்சல் இல்லை.

எனக்குப் பிடித்தது 1994இல் சாங், பாரங்கர் ஆகியோர் காட்டியது. புலம் 0இல் தடை உச்சத்துக்கு ஏறும், புலம் கூட இறங்கும். மேலே பார்த்த கால் அலகுதான் அது. மைதான அறைகளில் அந்த உச்சி உருண்டையாக, லொரென்ஸ் வளையியாக இருந்தது. வட்ட அறைகளில் முக்கோணமாகக் கூர்ந்து நின்றது. சுவரின் வடிவம் தடையின் வரைபில் தெரிகிறது.

குளிர்ச்சி ஏன் அவ்வளவு வேண்டும்?

1 சதுர மைக்ரோமீற்றர் அறையில் அடுத்தடுத்த சக்தி மட்டங்களின் இடைவெளி ஏறக்குறைய 7 மைக்ரோ இலத்திரன்வோல்ற்று. 1 கெல்வினில் வெப்பச் சக்தியே 86. அப்போது பல மட்டங்களின் விடைகள் ஒன்றாகக் கலந்து துள்ளல் மழுங்கிவிடும். அதனால்தான் மில்லிகெல்வினுக்கு இறங்குகிறார்கள். குளிர்ந்தால் அவத்தையும் நீண்ட நேரம் தப்பும். 1998இல் ஒரு தட அறைகளில் பரம்பலை அளந்தபோது, வெப்பநிலையையும் அவத்தை இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட வளையிதான் பொருந்தியது.

மின்னோட்டத்தின் இரைச்சலிலும் ஏதாவது தெரியுமா?

தெரியும். இலத்திரன்கள் தனித்தனி ஏற்றங்களாக வருவதால் மின்னோட்டம் சற்று நடுங்கும். ஒன்றையொன்று சாராமல் வந்தால் கிடைக்கும் இரைச்சலை 1 என்று வைத்தால், கயோஸ் அறையில் பல தடங்களுக்கு அது 1/4. மாசுகள் நிறைந்த கம்பியில் 1/3. கயோஸ் அறையில் ஊடுசெல்லும் நிகழ்தகவுகள் பெரும்பாலும் 0 அருகிலோ 1 அருகிலோ குவிவதால் இரைச்சல் குறைகிறது. நிச்சயமாகப் போவதும் நிச்சயமாகத் திரும்புவதும் இரைச்சல் தராது. சுவிட்சர்லாந்தின் பாசெல் குழு 2000களின் தொடக்கத்தில் இதை அளந்தது.

ஆய்வுகூடம் இல்லை, மடிக்கணனி இருக்கிறது. ஏதாவது செய்யலாமா?

தாராளமாக. மில்லிகெல்வின் குளிரூட்டி எதுவும் வேண்டாம், பைதனும் அதன் நம்பை (NumPy) என்ற கணிதத் தொகுப்பும் போதும். மின்சாரம் போவதற்குள் முடிந்துவிடும்.

2 × 2 தாயம் ஒன்றை எடுங்கள். உறுப்புகள் சிக்கலெண்கள், மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் நியமச் செவ்வன் பரம்பலிலிருந்து. அதை க்யூ-ஆர் முறையில் பிரியுங்கள். வரும் யூனிட்டரித் தாயத்தின் ஒவ்வொரு நிரலையும், மேல்முக்கோணத் தாயத்தின் மூலைவிட்ட உறுப்பின் அவத்தையால் பெருக்குங்கள். பீட்டா 2க்கு அதுவே சிதறல் தாயம். பீட்டா 1க்கு, அதன் நிலைமாற்றை அதனாலேயே பெருக்கியது. மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள உறுப்பின் மட்டு வர்க்கமே கடத்துதிறன். 10,000 தடவை ஓட்டினால் பீட்டா 1இன் சராசரி 0.333ஐ ஒட்டி, மூன்றாம் தசமத்தில் சற்று ஆடும்.

அவத்தையால் பெருக்கும் படியைப் பலர் விட்டுவிடுவார்கள். விட்டாலும் கடத்துதிறன் சரியாகவே வரும். நிரல்களின் அவத்தை மாறினால் உறுப்புகளின் மட்டு மாறாது அல்லவா? அதனால் பிழை ஒளிந்தே கிடக்கும். பிறகு ஒருநாள் சிதறல் தாயத்தின் ஐகன் பெறுமானங்களுக்கு இடையிலான இடைவெளியை வரையும்போது வெளியே வந்து நிற்கும். முதலிலேயே போட்டுவிடுங்கள்.

உண்மையான வடிவத்தோடு அறையைக் கட்டிப் பார்க்க விரும்பினால் குவாண்ட் என்ற பைதன் நிரற்றொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது.

இந்த மாதிரி எங்கே கைவிடும்?

வாசலிலிருந்து வாசலுக்கு நேர்பாதை இருந்தால் கைவிடும், இலத்திரன் அறையைச் சுற்றிப் பார்க்காமலே போய்விடுகிறது. வாசல்கள் அறையோடு ஒப்பிட அகலமாக இருந்தாலும் அதே பிரச்சினை. நேர்பாதைகளின் சராசரியை உள்ளே போட்டுத் திருத்திய சமவாய்ப்புப் பரம்பல் உண்டு, பொய்சன் கரு என்பார்கள். ஆனால் அதற்கு அறையைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். வட்டம், நீள்சதுரம் போன்ற ஒழுங்கான அறைகளும் வெளியே. வாசல்கள் ஏறக்குறைய மூடிய நிலையில் இருந்தால் இலத்திரன்களுக்கு இடையிலான தள்ளுவிசை முன்னுக்கு வந்துவிடும். ஒவ்வொரு இலத்திரனும் உள்ளே நுழையச் சக்திக் கட்டணம் செலுத்த வேண்டும். அது கூலோம் தடுப்பு, வேறு அத்தியாயம்.

இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?

இந்தத் தலைப்புக்கென்று வேலை விளம்பரம் வராது. எழுமாற்றுத் தாயமும் கணனி உருவகிப்பும் கைவந்தால் தரவுப் பகுப்பாய்விலிருந்து தொடர்பாடல் பொறியியல் வரை உதவும்.

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குச் சிறிய கேள்வி ஒன்று சொல்லுங்கள்.

வாசல்களைச் சமமில்லாமல் வையுங்கள். ஒன்றில் 2 தடம், மற்றதில் 3. 5 × 5 தாயம். புலம் இல்லாமல் சராசரி சரியாக 1 வர வேண்டும், புலத்தோடு 1.2. ஏன் என்பதை மேலே பங்கு பிரித்த முறையிலேயே தாளில் எழுதிவிட்டு ஓட்டுங்கள். பிறகு மின்னோட்டம் எடுக்காத மூன்றாவது வாசல் ஒன்றைச் சேருங்கள். அதற்குள் போன இலத்திரன் அவத்தையை இழந்து திரும்பிவரும், பியூட்டிக்கர் காட்டிய தந்திரம் அது. அந்த வாசலின் தடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போய், 1க்கும் 1.2க்கும் இடையிலான அந்த 0.2 எப்படிச் சுருங்குகிறது என்று வரையுங்கள்.